பால் குடிக்கறதும் ஒரு வேலைதாங்க

பொறந்த குழந்தைக்குப் பால் குடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம்னு நாம நெனைக்கிறோம் இல்லையா? மாசம் நிறைஞ்சு பொறந்தா பெரும்பாலும் சரிதான். எங்க அக்கா பையன் 30 வாரத்துலயே வந்துட்டான்!

உறிஞ்சணும், விழுங்கணும், நடுவுல மூச்சும் விடணும். இந்த மூணும் ஒத்துப்போக ஆரம்பிக்கிறதே பொதுவா 32லேருந்து 34 வாரத்துலதான். அதுக்கு முன்னாடி வாயில ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடலாம். அதனாலதான் மூக்கு வழியா வயித்துக்கு மெல்லிசா ஒரு குழாய். அதுல கொஞ்சம் கொஞ்சமா தாய்ப்பால்.

நான் இருக்கற ஹாலே, தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு படிச்ச ஊர். இதே மாநிலத்துல இருக்கற மாக்டபுர்க்ல 1919-ல் மரீ-எலிஸே கைசர்னு ஒரு டாக்டரம்மா ஜெர்மனியோட முதல் தாய்ப்பால் சேகரிப்பு நிலையத்தை ஆரம்பிச்சாங்க. 1970கள்ல மேற்கு ஜெர்மனி இதையெல்லாம் மூடினப்பவும் கிழக்குல பல இடத்துல தொடர்ந்தது. நம்ம நாட்டுல 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில வந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பையனுக்கு இப்ப 14 மாசம். கரண்டியைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறான். கெட்டியா எது குடுத்தாலும் ஓங்கரிக்கறான். சொந்தக்காரங்க தீர்ப்பு: "அம்மாக்காரிக்கு ஊட்டத் தெரியல, மூக்கைப் புடிச்சு ஊத்து." அக்கா இப்பல்லாம் அவன் எடையைத் தவிர வேற எதுவும் பேசறதில்ல. போன வாரம் "என் பால்லதான் ஏதோ கோளாறாடா?"ன்னு கேட்டா. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

கோளாறு பால்ல இல்லக்கா. குழாய், டேப்புன்னு அவன் வாய்க்கும் மூக்குக்கும் முதல்ல கெடைச்சதெல்லாம் தொந்தரவுதான். அந்த பயம் சில குழந்தைகளுக்கு மாசக்கணக்குல இருக்கும். அதோட, பத்து வாரத்தைக் கழிச்சுப் பாத்தா அவனுக்கு இன்னும் பன்னெண்டு மாசம்கூட ஆகலை. பலவந்தமா திணிச்சா பயம் கூடும். நாம சாப்பிடும்போது பக்கத்துல உக்கார வெச்சு, சோத்தைத் தொட விடணும், பிசைய விடணும். விழுங்கும்போது இருமினாலோ, எடை ஏறாம நின்னாலோ குழந்தை டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். விழுங்கறதுக்குப் பயிற்சி குடுக்க பேச்சுப் பயிற்சி நிபுணர்களும் இருக்காங்க.

நேத்து அக்கா ஒரு வீடியோ அனுப்பினா. பையன் ரசஞ்சோத்துல கைய விட்டு, விரலை நக்கிட்டு, யோசிக்கறான். மொத்தம் பதினோரு செகண்ட். லேப்ல உக்காந்து எத்தனை தடவை பாத்தேன்னு கேக்காதீங்க :-)