வாடகையா, ஒத்தியா?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். ஆனையூர் பக்கம் வரிசையாகக் கட்டியிருக்கும் மாடி வீடுகளில் ஒன்றைப் பார்த்திருக்கிறாளாம். கீழே ஹாலும் அடுப்படியும், மேலே இரண்டு ரூம். "வாடகைன்னா மாசம் 10,000, ஒத்தின்னா 7 லட்சம் கேக்குறாங்க டீச்சர். எதுக்குப் போகட்டும்?" என்றாள். உங்களில் பலரும் இதையே கேட்டிருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வரவேண்டும்.

கணக்குப் போடுவோம். 7 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 49,000, மாதத்துக்கு சுமார் 4,000 ரூபாய். வாடகையோ 10,000. ஆக, ஒத்தியில் மாதம் 6,000 மிச்சம். கணக்கு சரிதான். ஆனால் மாதம் 10,000 வரக்கூடிய வீட்டை வீட்டுக்காரர் ஏன் ஒத்திக்கு விடுகிறார்? பெரும்பாலும் அவருக்குப் பணமுடை இருக்கும். வாங்கியதைச் செலவழித்துவிட்டால், அடுத்த ஒத்திக்கு ஆள் வந்தால்தான் நம் பணம் கைக்கு வரும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த 5 லட்சத்தை இப்படித்தான் கொடுத்தது. வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து, பதிவு கிடையாது. இரண்டாம் வருஷம் பேங்க் நோட்டீஸ் கேட்டில் ஒட்டப்பட்டது. வீடு முன்பே அடமானத்தில் இருந்திருக்கிறது. அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கல்யாணம் நடந்தது. இதுவரை ஒன்றரை லட்சம்தான் திரும்பியிருக்கிறது.

ஒத்திக்குத்தான் போவேன் என்பவர்கள் முதலில் வில்லங்கம் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பதிவான அடமானம் இருந்தால் அதில் தெரியும். பிறகு பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். செலவு ஆகும்தான். வீட்டுக்காரர் பதிவுக்கு வரமாட்டேன் என்றால் அந்த வீடே வேண்டாம். என் பணி ஓய்வுப் பணம் வந்தபோது நாங்களும் ஒரு வீட்டை அப்படித்தான் விட்டோம். இன்றைக்கும் வாடகை வீடுதான். பென்ஷன் வந்ததும் முதல் செலவு அதுதான்.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு 2017-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நம் பாக்கி போக மீதியைத் தந்துவிடவேண்டும். தகராறு என்று தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த முடியாது.

மாணவியிடம் வாடகைக்கே போ என்று சொன்னேன். அந்த 7 லட்சம் அவளும் அவள் வீட்டுக்காரரும் பத்து வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. மாதம் 6,000 கூடுதலாகப் போனாலும் முதல் பத்திரமாக இருக்கும்.

உங்கள் அனுபவங்களையும் கீழே எழுதுங்கள். வீடு தேடும் மற்றப் பிள்ளைகளுக்கு உதவும்.

எல்லோரும் நல்லா இருங்க.
அன்புடன், உங்கள் டீச்சர்.