மூன்றுக்கு மூன்று

ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நம்மவரிடையே அதிகம் அறியப்பட்டதன்று. நால்வர் ஒரே நேரத்தில் புறப்பட்டு மண்பாதையில் நான்கு சுற்றுகள் ஓடுவர். 500 சிசி இயந்திரம், ஒரே கியர், பிரேக் கிடையாது. வளைவில் பின்சில்லை வேண்டுமென்றே வழுக்கவிட்டுத்தான் திரும்பவேண்டும். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

டென்மார்க்குக்கு இவ்விளையாட்டில் வழிதிறந்தவர் ஓலே ஓல்சன். 1971, 1975, 1978 ஆகிய ஆண்டுகளில் அவர் உலக சம்பியன். அவருக்குப் பின் வந்தவர்கள் எரிக் குண்டர்சனும் ஹான்ஸ் நீல்சனும். இருவரும் 1959இல் பிறந்தவர்கள். 1984 முதல் 1989 வரை ஆறு ஆண்டுகள் உலகப் பட்டம் இவ்விருவரின் கையை விட்டு வெளியே போகவில்லை.

இருவரில் நெருக்கடியைக் கூடுதலாக வென்றவர் குண்டர்சன் என்பது என் அபிப்பிராயம். 1985இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரிலுள்ள ஒட்சல் அரங்கில் மூவர் சமபுள்ளி பெற்றனர். மேலதிக ஓட்டத்தில் வென்றவர் அவரே. 1988இல் சொந்த நாட்டின் வொயென்ஸ் அரங்கில் அவரும் நீல்சனும் பதினைந்துக்குப் பதினான்கு புள்ளிகள் எடுத்து நின்றனர். அன்றும் மேலதிக ஓட்டம், அன்றும் குண்டர்சன். மறு ஆண்டு நீல்சன் வென்றார். கணக்கு மூன்றுக்கு மூன்று என்றாயிற்று.

அதன்பின் சில நாட்களே கழிந்திருந்தன. 1989 செப்டெம்பர் 17. உலக அணிகளுக்கான இறுதிப் போட்டி, அதே ஒட்சல் அரங்கில். டென்மார்க் அதற்கு முந்திய ஆறு ஆண்டுகளும் தொடர்ந்து வென்றுவந்த கிண்ணம் அது. முதல் ஓட்டத்தின் முதல் வளைவிலேயே நால்வரும் மோதி வீழ்ந்தனர். குண்டர்சனின் முள்ளந்தண்டு காயமுற்றது. நினைவிழந்து உயிருக்குப் போராடினார். அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. அன்று கிண்ணத்தை இங்கிலாந்து வென்றது.

அவர் இனி நடப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது. மாதக்கணக்கான சிகிச்சைக்குப் பின் எழுந்து நடந்தார். ஆனால் பந்தயத்துக்குத் திரும்பவில்லை.

நீல்சன் தமது நான்காவது பட்டத்தை 1995இல் பெற்றார். இறுதிப் போட்டி ஒன்றினால் சம்பியனைத் தீர்மானித்த முறை அப்போது ஒழிந்து, பல நாடுகளில் நடக்கும் கிராண்ட் பிரி தொடர் தொடங்கியிருந்தது. அந்த வெற்றியும் மகத்தானதே. ஆயினும் பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கு அட்டவணைகள் மீது ஒரு மயக்கம் உண்டு. நீல்சன் நான்கு, குண்டர்சன் மூன்று என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அந்த மூன்று, ஒட்சலின் முதல் வளைவில் நின்றுபோன மூன்று.