கரிசலுக்குள் ஒரு நூல் வலை

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிறவர்கள் கோவில்பட்டி வந்தால் கடலைமிட்டாய் வாங்க இறங்குவார்கள். சாலையின் இருபுறமும் கிடக்கும் கரிசலைப் பார்க்க யாரும் இறங்குவதில்லை. கோடையில் அந்த மண் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் செருப்பையே பிடுங்கிக்கொள்ளும் களி!

பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசியில் வானத்தைப் பார்த்து உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி என்று விதைக்கிறார்கள். முதல் மழைக்கு முளைத்துவிடும். பயமெல்லாம் அதற்குப் பிறகுதான். அடுத்த மழை 10 நாள் தள்ளிப்போனால் இலை சுருளும். 20 நாள் என்றால் விதைக் காசும் உழவுக் கூலியும் போச்சு. 1901-லேயே இந்த ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்ததில் ஆச்சரியமில்லை.

இத்தனைக்கும் கரிசல் லேசில் ஈரத்தை விடாத மண். மேலே காய்ந்தாலும் உள்ளே நுண்ணிய இடுக்குகளில் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். வேர் அங்கே நுழைய முடியாது. அதற்குத்தான் ‘வேம்’ என்று விவசாயிகள் சொல்லும் வேர் உட்பூசணம். பூஞ்சை என்றதும் ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வரும்; இது வேறு ஜாதி. வேருக்குள் குடியேறி, வேர்த்தூவியைவிட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நீட்டும். இடுக்கில் இருக்கும் நீரையும், காய்ந்த மண்ணில் நகராமல் கிடக்கும் மணிச்சத்தையும் இழுத்துவந்து செடிக்குக் கொடுக்கும். கூலியாகச் செடி சர்க்கரை தரும். சுமார் 40 கோடி ஆண்டுப் பழைய செடிப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டாளி இருந்திருக்கிறது.

உயிருள்ள வேர் இல்லாமல் இது பெருகாது. அதனால் மக்காச்சோளம், சோளம் போன்ற செடிகளின் வேரில் வளர்த்துத்தான் பையில் அடைக்கிறார்கள். மிளகாய் நாற்றங்கால் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குச் சற்றுக் கீழே விழும்படி போட வேண்டும். மேலாகத் தூவினால் வேருக்கு எட்டாது. மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டிய நிலத்தில் செடி இதைக் கண்டுகொள்ளாது. முட்டைக்கோஸ், கடுகு குடும்பமோ எப்போதுமே சேர்த்துக்கொள்வதில்லை.

மழையே பொய்த்த ஆண்டில் வேமாலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மழைக்கு நடுவே செடியைச் சில நாள் கூடுதலாகத் தாங்கிப்பிடிக்கும், அவ்வளவுதான். கரிசல்காட்டில் அந்தச் சில நாள்தான் மகசூல். வாங்கும்போது பையில் தேதி பார்க்க வேண்டும். கடை வாசலில் வெயிலில் காய்ந்த பை என்றால் வேண்டாம்.