வேஷமில்லாத நாடகம்

பார்வை போனபின் அத்தை வாசற்படி தாண்டியதில்லை. திருக்கோகர்ணத்தில் நவராத்திரிக் கச்சேரி என்று கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன்.

பாடகர் சீர்காழி அருணாசலக் கவிராயரின் ராம நாடகத்திலிருந்து மிதிலைக் காட்சியை எடுத்தார். நாடகமாக எழுதியதுதான், ஆனால் வேஷமில்லை, திரையில்லை. தம்பூராவும் மிருதங்கமும்தான். லண்டனில் 1744-ல் ஹாண்டல் தம் 'செமெலி'யை ஆங்கிலத்தில் இப்படித்தான் நடிப்பில்லாமல் பாட வைத்தார். ஓபரா பிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிப்ரவரியில் நாலே தடவையோடு சரி. பாவம், மனுஷர்!

பல்லவி மூன்றாம் முறை திரும்பியபோது அத்தை என் கையை அழுத்தினாள்.

“சீதை மாடத்துக்கு வந்துட்டாடா!”

நான் அதுவரை பாடகரின் ஜரிகை அங்கவஸ்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.