போல்ட் என்றொரு சொல்

"அப்பா, போல்ட் எண்டால் என்ன?" என்று எமது பிள்ளைகள் பாடப் புத்தகத்தோடு வந்து கேட்கிறார்கள். நட்டும் போல்ட்டும் ஊரிலேயே எமக்குப் பழக்கமானவை. ஆனால் பாடத்தில் இருப்பதோ மின்னல்! ஆங்கிலத்தில் மின்னல் வீச்சுக்கும் இதே சொல்தான்.

இதன் வேரைத் தேடினால் கிடைப்பது ஓர் அம்பு. குறுக்குவில்லில் வைத்து எய்யும் கட்டையான, தடித்த அம்பைத்தான் ஆங்கிலேயர் முதலில் போல்ட் என்றார்கள். வானத்திலிருந்து பாயும் மின்னலும் அவர்களுக்கு எய்த அம்பாகத் தெரிந்தது. இடியோடு ஏதோ ஒரு பொருள் நிலத்தில் விழுகிறது என்றும் நம்பினார்கள். துப்பாக்கி ரவை போன்ற வடிவில் நிலத்தில் கிடைத்த பெலம்னைட் என்னும் கற்களை இடியம்பு என்றே அழைத்தார்கள். உண்மையில் அவை கணவாய்க்கு உறவான பழங்காலக் கடலுயிரின் எச்சங்கள். இடியை இந்திரனின் வச்சிராயுதம் என்ற எம்மவர் எண்ணமும் இதற்கு வெகு தூரமில்லை.

அம்பின் வடிவத்தால் கதவுத் தாழ்ப்பாளுக்கும், சுருட்டி வைத்த துணிக்கட்டுக்கும் இப்பெயர் வந்தது. அம்பின் வேகத்தால், திடீரெனப் பாய்ந்து ஓடுவதற்கும் இதுவே வினைச்சொல் ஆயிற்று. மிரண்ட குதிரை ஓடுவதும் போல்ட்தான். ஆகவே, "உங்கள் மகன் வகுப்பிலிருந்து போல்ட் பண்ணினான்" என்று பாடசாலைக் குறிப்பு வந்தால், பிள்ளையைப் பூட்டி வைத்தார்களோ என்று பதற வேண்டாம். அவன் திடீரென வெளியே ஓடியிருக்கிறான். ஏன் ஓடினான் என்று ஆறுதலாகக் கேளுங்கள்.

'நீல வானத்திலிருந்து வந்த போல்ட்' என்றும் சொல்வார்கள். தோமஸ் கார்லைல் 1837 இல் வெளியிட்ட பிரெஞ்சுப் புரட்சி நூலில் இத்தொடர் வருகிறது. எதிர்பாராமல் தலையில் விழும் செய்தி என்பது கருத்து. 1995 ஒக்டோபர் 30 இல் ஒலிபெருக்கி அறிவிப்புக் கேட்டு, இரவோடிரவாக வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஓடுவதற்கும் தாழ்ப்பாள் போடுவதற்கும் ஒரே சொல். எம்மில் பலர் இங்கே வந்த பின்னும், படுக்கப் போகுமுன் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறோம். இரண்டு கருத்தும் எமக்குள் இருக்கின்றன.

பிள்ளை கேட்டால் அகராதியின் முதல் வரியோடு நிறுத்திவிடாமல், அம்பிலிருந்து தொடங்குங்கள். கூடவே தமிழையும் சொல்லுங்கள். மின்னுவதால் மின்னல், ஆங்கிலத்தின் லைட்னிங்கும் லைட் என்ற ஒளியிலிருந்தே பிறந்தது. வேர் விளங்கினால் இரண்டு மொழியும் பிள்ளைக்குச் சொந்தமாகும்.