குறிப்பேட்டில் விழாத ‘ஆம்’

சைனிக்புரிக் குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர், ‘ரேப்பு நீள்ளு வஸ்தாயட’ என்பார். ‘நாளை தண்ணீர் வருமாம்’ என்பது பொருள். குறிப்பெடுப்பவரோ ஆங்கிலத்தில் ‘நாளை தண்ணீர் வரும்’ என்று பதிந்துவிடுவார். தெலுங்கின் ‘அட’வும் தமிழின் ‘ஆம்’மும் பிறர்வாய்க் கேட்டதைச் சுட்டும் ஒட்டுகள், ஆங்கில வினையில் அவற்றுக்கு இடமில்லை. மறுகூட்டத்தில், கேட்டதைச் சொன்னவரே வாக்குத் தந்தவராக நிறுத்தப்படுவார். தண்ணீரும் வந்திராது.

1935–38இல் நீலகிரியில் களப்பணி செய்த எமனோ, தோடர் பாடல்களைத் தோடா மொழியிலேயே ஒலிபிசகாமல் எழுதிக்கொண்டார். அவை நூலானது 1971இல். கூட்டக் குறிப்புக்கு அத்தனை உழைப்பு வேண்டியதில்லை. ஏனையவற்றைச் சுருக்கலாம், வினைமுற்றை மட்டும் பேசியவர் மொழியிலேயே, தெரிந்த எழுத்தில், ஓரத்தில் கிறுக்கிக்கொண்டால் போதும்.