கண்பத் என்னும் பெயரில் நால்வர்

புனேயிலிருந்து அகில்யாநகர் (முன்னர் அகமத்நகர்) செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது ரஞ்சன்காவ். மகாராட்டிரத்தின் அஷ்டவிநாயகத் தலங்கள் எட்டனுள் இதுவும் ஒன்று. திரிபுரனை வெல்லும் முன் சிவன் இங்கே கணபதியை வேண்டினார் என்கிறது தலபுராணம். இன்று ஊரை ஒட்டிக் குளிர்பதனப் பெட்டியும் மகிழுந்தும் செய்யும் ஆலைகள் நிறைந்த தொழிற்பேட்டை எழுந்திருக்கிறது. இத்தகைய தலங்கள் அந்நிலத்துக்கு வழங்கிய பெயர்களில் மிக எளியது 'கண்பத்'. ஒரு பெயர் அளவுக்கு மீறிப் பரவும்போது அதைத் தாங்கிய மனிதர்கள் ஒருவருக்குள் ஒருவர் மறைந்துவிடுகிறார்கள். அவ்வாறு மறைந்த நால்வரைத் தனித்தனியே காண்பது பயனுடையது.

வடமொழியின் 'கணபதி' மராத்தி நாவில் இடையுயிரையும் ஈற்று இகரத்தையும் இழந்து 'கண்பத்' ஆயிற்று. தமிழ் அவ்விரு உயிர்களையும் காத்துக்கொண்டது. மராத்தியில் இப்பெயர் தனித்து நிற்பது குறைவு. பின்னால் தந்தை பெயர் வரும். அதன் பின் குடும்பப் பெயர் வரும். மதிப்புக்குரியவர் எனில் 'ராவ்' ஒட்டும். 'கர்' என்று முடியும் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயரிலிருந்து பிறந்தவை. ஆகவே கண்பத் என்னும் சொல்லைச் சுற்றி நிற்கும் உறுப்புகளே இன்ன கண்பத் என்று அடையாளம் காட்டுகின்றன.

முதலாமவர் கண்பத் கிருஷ்ணாஜி. கள்ளிறக்கும் தொழில்மரபு கொண்ட பண்டாரி வகுப்பில் பிறந்தவர். பம்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் தொழில் பயின்று, தமக்கெனக் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவி, 1831ஆம் ஆண்டு மராத்தியின் முதல் அச்சுப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். பின்னாளில் அச்செழுத்துகளையும் தாமே உருவாக்கிக்கொண்டார். அச்சிட்ட தாளைத் தொடுவதே தீட்டு என்று வைதிகர் சிலர் ஒதுங்கிய காலம் அது. நாள் பார்க்கும் நூலே அச்சில் வந்து வீடுகளுக்குள் புகுந்தபோது அந்த ஒதுக்கம் தளரத் தொடங்கியது. கோவிந்த் நாராயண் 1863இல் எழுதிய பம்பாய் நகர வரலாறு அவரை நினைவுகூர்கிறது. அச்சு வரலாறு பயில்வோருக்கு வெளியே அவரை அறிந்தோர் சிலரே.

இரண்டாமவர் கண்பத்ராவ் காசிநாத் மாத்ரே. புனேயில் பிறந்தவர், பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியின் மாணவர். கோயிலுக்குச் செல்லும் இளம்பெண் ஒருத்தியின் உருவத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மாணவராக இருந்தபோதே சுண்ணச்சாந்தில் வடித்தார். ஐரோப்பிய உடற்கூற்றுப் பயிற்சியும் மராத்திப் பெண்ணின் சேலை மடிப்பும் ஒன்றுகூடிய அச்சிற்பம் அவருக்குப் புகழ் தந்தது. அதன்பின் நகரச் சதுக்கங்களில் நிற்கும் சிலைகள் பல செய்தார். சிலையில் செதுக்கப்பட்டவரின் பெயரைப் படிக்கும் வழிப்போக்கர் செதுக்கியவரின் பெயரைத் தேடுவதில்லை.

மூன்றாமவர் பால்வங்கர் கண்பத். சாதிப் படிநிலையின் அடித்தட்டில் வைக்கப்பட்ட சாமர் சமூகத்தில் பிறந்த கிரிக்கெட் உடன்பிறப்புகள் நால்வருள் ஒருவர். மூத்தவரான பாலு புனேயில் ஆங்கிலேயரின் ஆடுகளத்தில் பணியாளாக இருந்து, அவர்களுக்குப் பந்துவீசியே தேர்ந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். களத்தில் அவர் வீசிய பந்தைத் தொட்ட சக வீரர்கள், இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர் தந்தார்கள். சிவராம் அதே பயணத்தில் இடம்பெற்றார். விட்டல் 1923இல் இந்து அணியின் தலைவரானார், தன்வரலாறும் எழுதினார். கண்பத்தும் இந்து அணிக்காக ஆடியவரே. ஆனால் இங்கிலாந்துப் பயணமும் தலைமையும் தன்வரலாறும் அவருக்கு வாய்க்கவில்லை. பாலுவின் தம்பி என்னும் உறவுப்பெயரே அவருக்கு மிஞ்சியது.

நான்காமவர் மல்லர் கண்பத்ராவ் ஆந்தள்கர். சாங்கலி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து கோலாப்பூரின் மோதிபாக் பயிற்சிக்கூடத்துக்கு வந்து, செம்மண் களத்தில் தேறியவர். 1960இல் இந்த் கேசரி பட்டம் வென்றார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கிரேக்க–ரோமானியப் பாணியில் தங்கமும் கட்டற்ற பாணியில் வெள்ளியும் பெற்றார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றார். அர்ஜுனா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. 2018இல் மறைந்தார். 1952இல் ஹெல்சிங்கியில் வெண்கலம் வென்ற காஷாபா ஜாதவை நாடு ஓரளவேனும் நினைக்கிறது. இரு பாணிகளில் பதக்கம் கொண்டுவந்த ஆந்தள்கரின் பெயர் மல்யுத்த வட்டத்தைத் தாண்டி அரிதாகவே ஒலிக்கிறது.

நால்வரின் பெயர்களையும் அருகருகே வைத்தால் வேறுபாடு ஒன்று கண்ணில் படும். சிற்பியும் மல்லரும் 'ராவ்' பெற்றவர்கள். அச்சகத்தாரும் கிரிக்கெட் வீரரும் வெறும் கண்பத். வழக்கின் தற்செயல் என இதை விட்டுவிடலாம். நான்கு பெயர்களைக் கொண்டு விதி வகுப்பதும் முறையன்று. எனினும் ஒட்டாமல் அழைக்கும் பெயர் நெருக்கத்தையும் காட்டும், தாழ்வையும் காட்டும் என்பதை மராத்தி பேசுவோர் எவரும் அறிவர். ஆவணம் அந்த விளிப்பைத் தன் அறியாமலேயே பதிவு செய்துவிடுகிறது.

ஓட்டப்பட்டியல்களில் கிரிக்கெட் வீரர் 'பி. கண்பத்' என்றே நிற்கிறார். தமிழ்க் கண்ணுக்கு இந்த முன்னெழுத்து பழகியது; ஆனால் ஏமாற்றக்கூடியது. வை. கணபதி ஸ்தபதியின் 'வை' தந்தை வைத்தியநாத ஸ்தபதியைச் சுட்டும். சி.என். அண்ணாதுரையின் முதலெழுத்தோ காஞ்சிபுரம் என்னும் ஊரைச் சுட்டும். பால்வங்கரின் 'பி' இரண்டாம் வகையைச் சேர்ந்தது: கொங்கணத்தின் பால்வண் என்னும் ஊர் அதற்குள் இருக்கிறது. அந்த ஓரெழுத்தைத் தந்தை பெயர் என்று விரித்தால் ஒரு குடும்பத்தின் பூர்வீகமே அழிந்துபோகும்.

நூலகப் பட்டியல்களும் தேடுபொறிகளும் ஒரே எழுத்துக்கூட்டை ஒரே ஆளாகக் கருதும் இயல்புடையவை. அங்கே புகழ்பெற்றவர் மேலெழுவார். மற்றவர் அவருடைய நிழலில் கலப்பார். பெயருடன் ஊர், தந்தை, தொழில், ஆண்டு ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுவது எழுத்தர் வேலை போலத் தோன்றும். 'பி. கண்பத்' என்று மட்டுமே எஞ்சியிருக்கும் ஒருவருக்கோ, தனி மனிதராக வரலாற்றில் நிற்பதற்கு அதைத் தவிர வேறு வழியில்லை.